மே மாதத்து அரணை

கட்டைவிரலை எடுத்த பிறகும் அவை உள்ளே போகவில்லை. வாலின் அடியில், குறுக்குக் கீறல்போல் இருக்கும் அந்தத் துளையின் இரண்டு ஓரத்திலும் சிவந்து ஈரமாக இரண்டு மொட்டுகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஹெப்சிபா கண்ணாடியைக் கழற்றிப் பட்டுச் சேலையின் முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள், மேசை விளக்கை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்தாள், இடது கையில் மல்லாந்து கிடந்த அரணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆண். சந்தேகத்துக்கு இடமே வைக்காத, வெட்கமே இல்லாத ஆண். அரணை, பல்லி வகை எல்லாவற்றிலும் ஆணுக்குக் குறி இரண்டு, பாதி நேரம் உள்ளே சுருட்டி வைத்திருக்கும், வாலடியை அழுத்தினால் வெளியே வரும் என்று பதினான்கு வருடமாக வகுப்பில் படம் போட்டுச் சொல்லித் தருகிறாள். சொல்லிவிட்டு, ஆனால் நம்முடைய கிராம்பு மலையில் இருக்கிற கிராம்பரணைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, அதில் ஆணே இல்லை, எல்லாம் பெண், பெண்ணே தனியாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது, அதைக் கண்டுபிடித்தது இந்தக் கல்லூரியில்தான் என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பெண்பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார்கள். இப்போது அந்த இல்லாத ஆண் அவள் கைக்குள் வயிறு விம்ம மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத் தோன்றியது, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போய்த் திரும்பி வந்த புருஷனைக் கேட்பதுபோல. கீழே அரங்கத்தில் மைக் சரிபார்க்கிறவன் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான். அரணை ஆராய்ச்சியில் அவளுக்கு மூத்தவரான சிவதாணு சாருக்கு இன்று பணி ஓய்வுப் பாராட்டு விழா. முதல் பேச்சு அவளுடையது. சாரும் ஹெப்சிபாவும் ஆணில்லா அரணையும் என்று பிரின்சிபால் போன வாரமே தலைப்புக் கொடுத்துவிட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கிராம்பு எஸ்டேட் வேதக்கோயிலில் சித்தி மகளின் குழந்தைக்கு ஞானஸ்நானம், போகாமல் இருக்க முடியவில்லை, போனால் ஐப்பசி மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கால் கழுவப் போன இடத்தில், தண்ணீர்த் தொட்டிப் படிக்கல்லைப் பழக்கதோஷத்தில் காலால் தள்ளினாள், அடியில் இது. கையில் பையும் இல்லை, டப்பாவும் இல்லை, பைபிளுக்கு ஜிப் வைத்த உறை இருந்தது, வேதபுத்தகத்தை அக்காள் கையில் கொடுத்துவிட்டு உறைக்குள் அரணையைப் போட்டு இழுத்து மூடினாள். அக்காள் முகத்தைச் சுளித்தாள். ஐப்பசியில் அந்த மலையில் அவள் கல் புரட்டியது அதுதான் முதல் தடவை. முதல் தடவை! போனதெல்லாம் மே மாதம், சனியன் பிடித்த மே மாதம். ஆனியில் கல்லூரி திறந்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் உள்தேர்வு, விடைத்தாள், கல்லூரியைப் பார்க்க ஆய்வுக்குழு வருகிறது, சுவருக்கு வெள்ளையடி, மலைமேல் அட்டை, மண்சரிவு, ஜீப் ஏறாது, ஆகவே கல்லூரி வாத்தியார்கள் ஆராய்ச்சி பண்ணுகிற ஜீவன்கள் எல்லாம் கோடை விடுமுறையில்தான் வாழ்ந்து பெருகியாக வேண்டும். மேயில் பிடித்து, மேயில் அழுத்தி, மேயில் எடை போட்டு விட்டுவிடுவார்கள். அழுத்தினால் வராததெல்லாம் பெண், இது சார் சொன்ன சட்டம். மற்ற அரணைகளுக்கு அது சரிதான். ஆனால் ஒரு அரணை மழைக்கு மட்டும் ஆணாக இருந்துவிட்டு, வெயில் காலம் முழுக்க எல்லாவற்றையும் சுருக்கி உள்ளே வைத்துக்கொண்டு சும்மா கிடந்தால்? அப்போது அழுத்தினால் என்ன வரும், ஒன்றும் வராது. எத்தனை ஆண்களை இந்தக் கட்டைவிரலால் அழுத்திப் பெண் என்று சொல்லி இறக்கி விட்டிருப்பாள். அவைகளும் சரி போ என்று கல்லுக்கடியில் ஓடியிருக்கும். ஒரு இனத்தின் ஆண் வர்க்கத்தையே கோடை விடுமுறை தின்றுவிட்டது. சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுகை வந்துவிடும் என்று பயமாக இருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் அறுத்துப் பார்த்தோமே, சும்மா அழுத்தி மட்டுமா சொன்னோம், அறுத்ததில் எல்லாம் முட்டைப்பை இருந்ததே. இருந்தது. வனத்துறை அறுக்கக் கொடுத்த அனுமதி கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தை வீணாக்கக் கூடாது என்று வயிறு உப்பியதாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். முட்டைப்பை வேண்டும், முட்டை வேண்டும், அதனால் குண்டாக இருப்பதை எடு ஹெப்சி, சோப்ளாங்கியை எல்லாம் விட்டுரு என்று சார் சொல்வார். பிரசவ வார்டுக்குள் போய் எண்ணிவிட்டு ஊரில் ஆம்பிளையே இல்லை என்று சொன்ன கதை. இவ்வளவு லேசான விஷயம், ஒரு இளங்கலைப் பிள்ளை கேட்டிருக்க வேண்டியது, ஏன் தோன்றவில்லை. தோன்றியது. இல்லை, தோன்றவில்லை. தோன்றியது, அந்த நீல நூல். மூன்றாவது வருடம், முட்டைக்குழாயை மெழுகில் வைத்துச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது குழாயின் ஓரத்துச் சின்னச் சின்ன மடிப்புகளுக்குள் கற்றை கற்றையாக நீல நூல் கிடந்தது. விந்தணுவாக இருக்குமோ என்று நினைத்தாள். மழைக்காலத்தில் வாங்கிய விந்தை அடுத்த கோடை வரை உள்ளே பத்திரமாக வைத்திருந்து அப்புறம் முட்டைக்கு விடுகிற பெண் ஜாதி உண்டு, பாம்பில் உண்டு, பல்லியில் உண்டு, புத்தகத்தில் படித்திருக்கிறாள். அப்படியானால் தொட்டியில் தனியே அடைத்து வைத்த அரணை முட்டையிட்டது அதிசயமே இல்லை, அது வரும்போதே கொண்டுவந்தது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சார் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, சாயம் சரியாக் கழுவல்ல, பிசிறு நிக்கி, வேற சீவு என்றார். வேறு சீவினாள். வேறு துண்டு, வேறு இடம், நூல் இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆமாம், அப்பாடா என்றுதான் இருந்தது, அதை இப்போது மாற்றிச் சொல்ல முடியாது. தன் கண்ணைவிட அவர் வாயை நம்பினாள், நம்ப வசதியாக இருந்தது, வெளியூரில் வாசிக்க வேண்டிய கட்டுரை பாதி எழுதி முடித்திருந்தது. அரணைப் புத்தி என்று மறதிக்காரர்களைச் சொல்வார்கள், அவளுக்கு வாய்த்தது மறந்ததுபோல் இருக்கிற புத்தி.

கட்டுரையில் முதல் பேர் சாருடையது, இரண்டாவது அவளுடையது. மலை ஏறினது அவள், தொட்டி கழுவினது அவள், கறையான் பொறுக்கி ஊட்டினது அவள், முதல் பேர் அவர். அது வழக்கம், அதில் அவளுக்குப் புகைச்சல் இல்லை என்று எல்லோரிடமும் சொல்வாள், புகைச்சல் இல்லாமல் என்ன, புகைந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பேர் அவருக்கு, பட்டப்பேர் இவளுக்கு. ஆசிரியர் அறையில் ஆணில்லா அரணை வருது என்று குசுகுசுப்பது வாசல் வரை கேட்கும். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை, அரணைக்குக் கன்னிப்பிறப்பு என்று கண்டுபிடித்தவள், அவர்களும்தான் என்ன செய்வார்கள், வாயில் ஊட்டிவிட்டதுபோல் இருக்கிறது. சபைப் பத்திரிகையில் வேறு போட்டார்கள், இயற்கையிலேயே கன்னிப்பிறப்பு உண்டு என்று நம் சபைச் சகோதரி நிரூபித்துவிட்டார், அவிசுவாசிகள் வெட்கப்படுவார்களாக என்று. போதகர் பிரசங்க பீடத்திலிருந்து இவள் பக்கம் கையை நீட்டினார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அம்மைக்கு மட்டும் பூரிப்பு. அம்மை இருந்தவரை அந்தத் தாளை வெட்டிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டி வைத்திருந்தாள். அதே அம்மைதான் மார்த்தாண்டத்து வாத்தியார் பெண் பார்த்துவிட்டுப் போன ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்து அழுதது. பதில் சொல்லு பிள்ளே, உனக்குத் துணை வேண்டாமா என்று கேட்டதற்கு, இவள் எங்க அரணைக்கு வேண்டியிருக்கா, அது நல்லாத்தானே இருக்கு என்று சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னது. அந்த மனிதர், நல்ல மனிதர்தான், நகத்தைக் கடித்துக்கொண்டே பேசினார், காபி டம்ளரைத் தானே கொண்டுபோய் அடுக்களையில் வைத்தார். அவரை வேண்டாம் என்றது அரணைக்காக அல்ல. எதற்காக என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது, பயமாக இருக்கலாம், மலையை விட மனமில்லாமல் இருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றதைச் சுமப்பதற்கு ஒன்று வேண்டியிருந்தது, அரணை சுமந்தது. கல்யாண வீடுகளில், காது குத்தில், யாராவது இன்னும் ஒண்ணும் ஆகல்லியா என்று கேட்கும்போதெல்லாம் அரணையைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். ஆண் இல்லாமல் ஒரு ஜாதியே தழைத்திருக்கிறது, நான் ஒருத்தி தழைக்க மாட்டேனா. தழைக்கவில்லை, அது வேறு விஷயம். இப்போது அந்தச் சின்னச் சிரிப்பும் போயிற்று. இந்த விரல் நீளப் பயல் கொண்டுபோய்விட்டான்.

யாருக்குத் தெரியும், ஒருத்தருக்கும் தெரியாது. சன்னலைத் திறந்தால் கீழே குரோட்டன்ஸ் புதர், கையை விரித்தால் ஓடிவிடும். மலைப் பிராணி பள்ளத்துச் சூட்டில் நாலு நாள் தாங்காது, காக்காய் கொத்திவிடும். அப்புறம் அடுத்த மேயில் மறுபடி மலை, மறுபடி அழுத்தல், மறுபடி பெண், ஓய்வு பெறும்வரை ஓட்டலாம், இன்னும் எத்தனை மே. வேறு யாராவது மழையில் போவான். வடக்கிலிருந்து ஒரு பையன், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, கோடை விடுமுறை என்றால் என்ன என்றே தெரியாதவன், ஒரே வாரத்தில் பத்து ஆணைப் பிடிப்பான், படம் எடுப்பான், முந்தைய ஆய்வாளர்கள் தவறாக என்று ஒற்றை வரியில் எழுதுவான், அந்த வரியைச் சிரித்துக்கொண்டே எழுதுவான். ஒருதரம் கருத்தரங்கில் ஒரு ஆள் எழுந்து மழைக்காலத்தில் பார்த்தீர்களா என்று கேட்டார், சார் மைக்கை வாங்கி, மழையில மலைக்கு நீங்க வாங்க, அட்டைக்கு ரத்தம் குடுக்க ஒரு ஆளு குறையுது என்றார், அரங்கமே சிரித்தது, கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். இவளும் சிரித்தாள். அரணை கைக்குள் ஒரு உதறு உதறியது, மொட்டுகள் மெல்ல உள்ளே போயின, இப்போது பார்த்தால் மறுபடியும் ஒன்றுமில்லாத வழவழப்பு, பெண் என்று சொன்னால் பெண். பார்த்தது நிஜமா. மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தன. அந்த நிமிஷம் அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பில் எங்கேயோ ஒரு பொட்டுச் சந்தோஷமும் இருந்தது, எவ்வளவு அழகான குறி, நுனி இரண்டாகப் பிரிந்து, சின்னச் சின்ன முள்ளோடு, இதை உலகத்தில் இதற்குமுன் யாருமே பார்த்ததில்லை, நான்தான் முதல். அந்தச் சந்தோஷத்தை ஒரு வாய் தண்ணீர்போல வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏ ஹெப்சி, நீ இன்னும் இங்கதான் நிக்கியா? அங்க எல்லாரும் வந்தாச்சு."

சிவதாணு சார் வாசலில் நின்றார். பட்டு வேட்டி, கழுத்தில் அதற்குள் யாரோ போட்ட ஒரு சால்வை, நெற்றியில் திருநீறு பளிச்சென்று. அவள் கையை விளக்குக்குக் கீழே நீட்டினாள். சார் பக்கத்தில் வந்து குனிந்தார். கண்ணாடியைத் தேடவில்லை. எங்க பிடிச்சே என்று கேட்கவில்லை. பதறவும் இல்லை. சால்வை சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பார்த்தார், தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்ததுபோல ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"ஆணு சார்," என்றாள்.

"ம்."

"சார், இது ஆணு. கிராம்பரணையில ஆணு."

"வெப்ராளப்படாத. மெதுவாப் பேசு. நான் முந்தியே பாத்திருக்கேன்."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் காது திருப்பிக் கேட்டது. "எப்பம்?"

"ஆச்சு, ஆறு வருசம் இருக்கும். கார்த்திகையில மேல ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மழை. ஒண்ணு கெடச்சுது. அழுத்துனேன், வந்துது. அப்பிடியே விட்டுட்டேன்."

"எங்கிட்ட சொல்லல்லியே சார்."

சார் ஸ்டூலை இழுத்து உட்காரப் போனார், வேட்டி அழுக்காகும் என்று நினைத்தோ என்னவோ உட்காரவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார், நல்ல குரல், துக்க வீட்டில் பேசுகிற குரல். "எப்பிடிச் சொல்லட்டு? அப்பந்தான் ஒங்க அம்மையும் போயிருந்தா. நீ இது ஒண்ணப் பிடிச்சிட்டு நிக்கே. ஒனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. குடும்பம் கெடயாது, குட்டி கெடயாது. இதயும் பிடுங்கணுமா? பாவம்னு விட்டேன். ஒனக்காவத்தான் ஹெப்சி, எனக்கென்ன, நான் பென்சன வாங்கிட்டுப் போற ஆளு. இப்பமும் ஒண்ணும் செய்யாண்டாம். சன்னலத் திறந்து விட்டுட்டு மொகத்தக் கழுவிட்டு வா. ஒன் பேச்சுதான் மொதல்ல."

தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டார். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. பாவம். பாவம் என்று விட்டார். அவள் மலை ஏறிக்கொண்டிருந்த ஆறு மே மாதமும் அவருக்குத் தெரியும். முட்டியில் மருந்து தடவிக்கொண்டு, கறையான் டப்பாவோடு, வகுப்பில் பெருமையாகப் படம் போட்டுக்கொண்டு அவள் பொய்யைச் சுமப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், குழந்தை கையில் கொடுத்த ஓட்டைக் கிலுகிலுப்பையைப் பிடுங்காமல் இருப்பதுபோல. திருட்டு என்றால் பொறுத்திருப்பாள், முதல் பேரைத் திருடியதைப் பொறுக்கவில்லையா. ஏமாற்று என்றால்கூடப் பொறுத்திருப்பாள். இரக்கத்தைப் பொறுக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் குசுகுசுக்கிறவளுகள் மேல், குசுகுசுத்தாலும் அவளுகள் இவளைத் தங்களுக்குச் சமமாக வைத்துத்தானே வன்மம் பாராட்டுகிறார்கள், அவர்கள் மேல் முதல்முறையாகப் பிரியம் வந்தது. ஒனக்கு வேற என்ன இருக்கு. என்ன இருக்கு, கண் இருக்கிறது. நீல நூலைப் பார்த்த கண் இருக்கிறது. அதைப் பிசிறு என்று சொன்ன அன்றைக்கே அவருக்குத் தெரியுமோ, அதுவும் பாவம் பார்த்துத்தானோ, இனிமேல் எதை எடுத்தாலும் இந்தச் சந்தேகம் வரும், பதினான்கு வருடத்தில் எந்த நாளை எடுத்தாலும் அதன் அடியில் இந்த மனிதர் கருணையோடு நிற்பார். அரணையைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, ஈர மண் தெளித்து, மூடியின்மேல் ஒரு செங்கலைத் தூக்கி வைத்தாள். சன்னலைத் திறக்கவில்லை. முகத்தைக் கழுவவும் இல்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. பிரின்சிபால், பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்த விலங்கியல்காரர்கள், பழைய மாணவர்கள், சாருடைய வீட்டம்மாள், பேரப்பிள்ளைகள், பின்வரிசையில் சமோசாவுக்குக் காத்திருக்கிற இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். மேடையில் சார் பெரிய நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார், இவளைப் பார்த்ததும் கண்ணாலேயே சரியா என்று கேட்டார், இவள் தலையை ஆட்டினாள். மைக் முன்னால் நின்றபோது ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணிய பேச்சில் ஒரு வார்த்தைகூட வரவில்லை, வராதது நல்லதாகப் போயிற்று. இதைச் சொன்னால் தன் பேர் அதோடு போகும், பதினான்கு வருடம் போகும், நாளையிலிருந்து பட்டப்பேருக்குப் பதில் வேறு ஏதாவது வைப்பார்கள், வைக்கட்டும்.

"பெரியவர்களுக்கு வணக்கம். நீளமாகப் பேச எனக்கு வராது. நம்ம கிராம்பரணையில ஆண் இல்லைன்னு நாங்க ரெண்டு பேரும் எழுதினோம். அது தப்பு. ஆண் உண்டு. மழைக்காலத்தில தேடணும், நாங்க மே மாசத்தில தேடினோம். இப்பமும் மேல ஆய்வுக்கூடத்தில ஒண்ணு உயிரோட இருக்கு, சந்தேகம் உள்ளவங்க வந்து பாக்கலாம்." அரங்கத்தில் ஒரு சலசலப்பு. பிரின்சிபால் சிரித்தபடியே இருந்தார், அவர் வணிகவியல்காரர். ஹெப்சிபா சாரைத் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அதை மொதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. நம்ம சிவதாணு சார். ஆறு வருசத்துக்கு முன்னாலயே கையில பிடிச்சுப் பாத்திருக்காங்க. ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. இன்னைக்குத்தான் எங்கிட்டச் சொன்னாங்க. எல்லாக் கட்டுரையிலயும் மொதல் பேர் அவங்க பேர்தான், இதுலயும் அவங்க பேர்தான் மொதல்ல வரணும். அந்தப் பெருமைய இந்தச் சபை முன்னால அவங்களுக்குக் குடுத்துட்டு நான் உக்காருறேன்."

இரண்டாவது வரிசையில் இருந்த விலங்கியல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர்களுக்குக் கடைசியில் சொன்ன ஒரு வார்த்தைதான் கேட்டது, பெருமை. பிரின்சிபால் முதலில் தட்டினார், பிறகு முன்வரிசை, பிறகு பின்வரிசைப் பிள்ளைகள் விசிலோடு, கட்டடமே அதிர்ந்தது. கைதட்டல் ஓயவில்லை. மாலை ஒருபக்கம் சரிய, சிவதாணு சார் எழுந்து நின்று கும்பிட வேண்டியதாயிற்று.